பச்சை இலை, ஊதா எண்ணெய்

பச்சை இலையையும் நிறமில்லாத தேங்காய் எண்ணெயையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெயிலில் வைத்தால் பச்சை எண்ணெய்தான் வர வேண்டும். கறிவேப்பிலை, மருதாணி, கரிசலாங்கண்ணி எல்லாம் அப்படித்தான் இறங்குகின்றன. வெப்பாலை மட்டும் வேறு மாதிரி. வெயில் பட ஆரம்பித்ததும் இலை ஓரங்களைச் சுற்றி எண்ணெயில் ஒரு செந்நிறச் சாயல் ஓடும். நாள் ஆக ஆக அது கறுத்து ஊதாவாகும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் சிவப்பும் நடுவில் கருநீலமும் தெரியும். இலையில் இருந்த பச்சை எங்கே போனது என்பதைவிட, இலையில் இல்லாத ஊதா எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரஸ்யமான கேள்வி. அதற்கு விடை தேடிப் போனால் ஒரு சாயத் தொழிலின் வரலாறும், ஒரு தோல் மருந்தின் சூட்சுமமும், ஜப்பான் அரசு விடுத்த ஓர் எச்சரிக்கையும் அந்த ஊதாவில் வந்து சேர்கின்றன.

முதலில் மரத்தைப் பார்ப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களில் பெரும்பாலோர் அஸ்தம்பட்டி வழியாகப் போய், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையில் ஏறிவிடுவார்கள். இன்னொரு பாதையும் உண்டு. குப்பனூரில் தொடங்கிக் கொட்டச்சேடு வழியாக ஏறுகிற பாதை அது. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் மேலேதான். குப்பனூர்ப் பக்கத்து அடிவாரச் சரிவு வறண்ட இலையுதிர்காடு. அந்தக் காட்டின் பழைய குடிகளில் ஒன்று வெப்பாலை. வெட்பாலை என்றும் நிலப்பாலை என்றும் சொல்வார்கள். பெரிய மரமாக வளராது. கோடையில் வெள்ளைப் பூ கொத்துக்கொத்தாகப் பூக்கும். அடையாளம் காண எளிய வழி காய்தான். ஒல்லியாக, ஒரு முழம் வரை நீண்டு, இரண்டிரண்டாகத் தொங்கும். இரண்டின் நுனியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முற்றி வெடித்தால் பஞ்சுக் குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் போகும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். கட்டை வெள்ளையாக, இழை நெருக்கமாக இருப்பதால் கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளைக் காலங்காலமாக இதில்தான் கடைகிறார்கள்.

இந்த மரத்தின் கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைப் பார்த்தாலே ஊதாவின் ரகசியத்தில் பாதி புரிந்துவிடும். மற்ற மரங்களின் சருகு பழுப்பாக இருக்க, வெப்பாலை இலை காயும்போது கருநீலம் பாய்ந்திருக்கும்.

அந்தக் கருநீலத்தில் வியாபாரம் இருக்கிறது என்று எழுதி வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். கோதாவரிக் கழிமுகத்தை ஒட்டிய சாமல்கோட்டில் இருந்தபடி சோழமண்டலக் கரையின் செடிகொடிகளை ஆராய்ந்தவர். 1793-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்குப் போனார். வெப்பாலைக்கு அவர் வைத்த பெயர் நீரியம் டிங்டோரியம், அதாவது சாயம் தரும் அரளி. பின்னால் ராபர்ட் பிரவுன், பிரவுனியன் இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த அதே பிரவுன், இதை அரளியிலிருந்து பிரித்து ரைட்டியா என்ற தனிப் பேரினமாக்கினார். சாயத்தைக் குறிக்கும் பின்பாதியை மட்டும் மாற்றவில்லை. இன்றும் ரைட்டியா டிங்டோரியா என்றுதான் பெயர்.

அவுரியிலிருந்து நீலம் எடுப்பவர்கள் செடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பார்கள். வெப்பாலை இலைக்கு அது சரிப்படவில்லை; சூடான தண்ணீரில் இலையை வேக்காடு கொடுத்தால்தான் சாறு இறங்குகிறது என்று ராக்ஸ்பரோ கண்டார். பிறகு இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். சாற்றைக் கடைந்து காற்றேற்றினால் நீலம் திரண்டு அடியில் படியும். 19-ஆம் நூற்றாண்டில் சேலம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் இப்படித் தயாரான நீலத்தை ஆங்கிலேயர்கள் ‘பாலா இண்டிகோ’ என்று எழுதினார்கள். நம்முடைய பாலைதான் அந்தப் பாலா.

இனி வேதியியல். வெப்பாலை இலைக்குள் நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. இருப்பது நிறமற்ற ஒரு பொருள். இண்டாக்சில் என்ற சிறு மூலக்கூறு, ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து செல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி அதே இலையில் வேறு அறையில் இருக்கிறது. இலையைக் கிள்ளும்போது, கசக்கும்போது, வாட்டும்போது அறைச்சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. சர்க்கரை கழன்றதும் இண்டாக்சில் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு இண்டாக்சில் சேர்ந்தால் இண்டிகோ, அதாவது நீலம். சில இண்டாக்சில் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஐசாட்டின் ஆகும். அந்த ஐசாட்டினோடு ஓர் இண்டாக்சில் கை கோத்தால் வருவது இண்டிருபின். இது செந்நிறம். இண்டிகோவுக்கும் இண்டிருபினுக்கும் அணுக்களின் எண்ணிக்கையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஒட்டிக்கொண்ட இடம்தான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டில் ஒன்று நீலமாகவும் மற்றது சிவப்பாகவும் ஒளியை விடுகிறது. இரண்டும் கலந்து எண்ணெயில் நிற்கும்போது நம் கண்ணுக்கு ஊதா. இண்டிகோ, இண்டிருபின், ஐசாட்டின், டிரிப்டாந்த்ரின் ஆகிய நான்கையும் இந்த இலையிலிருந்து இந்திய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

இலையை இரும்புக் கத்தி படாமல் கையால்தான் கிள்ள வேண்டும் என்று வீடுகளில் சொல்வார்கள். இலைகளிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கறுக்கும் என்பது உண்மை. ஆனால் ஊதா பிறப்பதற்குக் கத்தி தடையில்லை. செல் உடைந்தால் போதும்.

ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897-இல் செயற்கை இண்டிகோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதோடு அவுரி நீலமே தள்ளாடியது. வெப்பாலை நீலம் எந்த மூலைக்கு? சாயமாக அது மறைந்தது. மருந்தாகப் பிழைத்துக்கொண்டது.

சோரியாசிஸைச் சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்கிறது. வெப்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் சூரியபுடமாக, அதாவது வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் அதற்கென்றே பேர்போனது. சித்த மருத்துவர் ஜே. ஆர். கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால் ‘777 எண்ணெய்’ என்ற பெயரில் இது மருத்துவமனைச் சோதனைக்கும் போனது. நோய் இதுதான்: சாதாரணமாக நம் மேல்தோலின் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். சோரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டிவிட, அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளிச் செதிலாக நிற்கின்றன. தொற்றாது. ஆனால் பேருந்தில் பக்கத்தில் உட்கார ஆள் தயங்கும் நோய் இது.

ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த இலைச்சாற்றைச் சுண்டெலி வாலில் சோதித்திருக்கிறார்கள். வால் எதற்கு என்று கேட்கலாம். வளர்ந்த சுண்டெலியின் வால் தோலில் சில பகுதிகள் இயற்கையிலேயே முதிராத செல்களால் ஆனவை, சோரியாசிஸ் தோலைப் போலவே. ஒரு மருந்து அந்தச் செல்களை ஒழுங்காக முதிர வைத்தால் அதில் விஷயம் இருக்கிறது என்று பொருள். வெப்பாலை அந்தச் சோதனையில் தேறியது.

சுண்டெலி வால் வேறு, மனித முழங்கை வேறு. வெப்பாலைத் தைலம் தடவிக் குணமானேன் என்று ஒருவர் சொல்லும்போது நான் அவரை நம்புகிறேன். எதனால் குணமானார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். தைலத்தில் பெரும்பங்கு தேங்காய் எண்ணெய். வறண்ட செதிலை எந்த நல்ல எண்ணெயும் இளக்கும். தைலம் தடவிக் காலை வெயிலில் உட்காரச் சொல்கிற சித்த மருத்துவர்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிரே சோரியாசிஸுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. அதை விளக்கில் உண்டாக்கித்தான் தோல் மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். எண்ணெய், வெயில், நோயின் போக்கு மூன்றையும் கழித்த பிறகு ஊதா நிறத்துக்கு மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்று காட்டிய சோதனை தைவானிலிருந்து வந்தது. சீன மருத்துவத்தில் இண்டிகோ தரும் சில செடிகளிலிருந்து எடுத்த கருநீலப் பொடி ஒன்று உண்டு. இண்டிகோ நேச்சுராலிஸ் என்பார்கள். அதிலும் இண்டிகோவும் இண்டிருபினும்தான் இருக்கின்றன. சாங் குங் நினைவு மருத்துவமனையின் லின் யின்-கு குழுவினர் அதைக் களிம்பாக்கினார்கள். 42 நோயாளிகள். ஒவ்வொருவரின் உடலிலும் ஒரு பக்கத்துப் படைக்கு மருந்துக் களிம்பு, மறுபக்கத்துப் படைக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. உடல் ஒன்று, வெயில் ஒன்று, நோயின் ஏற்ற இறக்கமும் ஒன்று. 12 வாரம் கழித்து, மருந்து தடவிய பக்கம் 31 பேருக்கு முழுக்கவோ கிட்டத்தட்ட முழுக்கவோ மறைந்திருந்தது. முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. ஆனால் அந்தப் பொடி செறிவானது, அளந்து கலந்தது. மொட்டை மாடியில் நாம் வைக்கும் பாட்டிலில் எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்று யாரும் அளப்பதில்லை. இலை முற்றலா இளசா, வெயில் எத்தனை நாள், எண்ணெய் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். தைவான் முடிவை அப்படியே நம் தைலத்துக்குச் சூட்டிவிட முடியாது.

இண்டிருபின் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது? இரண்டு வேலைகள் தெரியும். ஒன்று, செல் பிளவுபடுவதற்குத் தேவையான சில நொதிகளை அது தடுக்கிறது. இது 1999-இல் தெரியவந்தது. சீனாவில் ஒரு வகை நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த பாரம்பரியக் கூட்டு மருந்து ஒன்றில் உண்மையாக வேலை செய்தது எது என்று துருவியபோது கையில் கிடைத்ததே இண்டிருபின்தான். வேகமாகப் பெருகும் செல்களுக்குக் கடிவாளம் போடுகிற பொருள் சோரியாசிஸ் தோலில் உதவுவதில் வியப்பில்லை.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியமானது. நம் செல்களில் ஏ.எச்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு ஏற்பி இருக்கிறது. அதை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை, கரி, தொழிற்சாலைக் கழிவு போன்றவற்றில் உள்ள வளைய வடிவ மூலக்கூறுகள் அதற்குச் சாவிகள். பூட்டு திறந்தால், உள்ளே வந்ததைச் சிதைக்கும் நொதிகளைச் செல் உற்பத்தி செய்யத் தொடங்கும். 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மனிதச் சிறுநீரில் இந்தப் பூட்டுக்கு அபாரமாகப் பொருந்தும் இரண்டு சாவிகளைக் கண்டுபிடித்தார்கள். அவை இண்டிகோவும் இண்டிருபினும். மிகச் சிறு அளவில் நம் உடம்பிலும் அவை உண்டாகின்றன.

இந்தப் பூட்டின் மிகப் பிரபலமான சாவி டையாக்சின் என்ற நஞ்சு. 2004-இல் உக்ரைன் தேர்தல் நேரத்தில் விக்டர் யுஷ்செங்கோவின் முகத்தைக் கொப்புளமாக்கியது அதுதான். ஒரே பூட்டைத் திறக்கும் ஒரு சாவி விஷம், இன்னொன்று மருந்து என்றால் எப்படி? டையாக்சின் பூட்டில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். இண்டிருபினோ, தான் திறந்துவிட்ட நொதிகளாலேயே விரைவில் சிதைக்கப்படுகிறது. தோலில் இந்தப் பூட்டு அளவோடு திறந்தால் தோலின் காப்புச்சுவர் பலப்படுகிறது, அழற்சி தணிகிறது. இதே பூட்டைக் குறிவைத்து உருவான டாபினரோஃப் என்ற களிம்புக்கு 2022-இல் அமெரிக்காவில் சோரியாசிஸ் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதன் மூலப்பொருள் செடியிலிருந்து வந்ததல்ல, ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. பூட்டு மட்டும் அதேதான்.

தடவினால் இத்தனை நன்மை என்றால் குடித்தால் இன்னும் எத்தனை என்று தோன்றும். ஜப்பானில் அப்படித்தான் தோன்றியது. பெருங்குடல் புண் நோய்க்கு இண்டிகோ நேச்சுராலிஸ் பொடியை உள்ளுக்குச் சாப்பிட்டவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. கெய்யோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 86 நோயாளிகளிடம் முறையான சோதனை நடத்தினார்கள். நாளுக்கு அரை கிராமிலிருந்து 2 கிராம் வரை. 8 வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் தேறினார்கள்; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஏழில் ஒருவர்தான். மருந்து உலகில் இது சாதாரண வெற்றி அல்ல. ஆனாலும் அந்தச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. காரணம், அந்தச் சோதனையில் சேராமல், தாமாகவே இந்தப் பொடியை வாங்கிச் சாப்பிட்டுவந்த சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்கள் குறுகி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் இதயமே களைத்துப்போகும் நிலை அது. 2016 டிசம்பரில் ஜப்பானின் சுகாதார அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. பொடியை நிறுத்தியதும் பலருக்கு அழுத்தம் இறங்கியது என்பது ஆறுதல்.

அதே பொடிதான். தோலில் வேலை செய்வதும் அதுதான், நுரையீரல் குழாயைப் படுத்துவதும் அதுதான். ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது’ என்று பாட்டிலில் அச்சடிக்கிறவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: பக்கவிளைவே இல்லாத பொருளுக்கு விளைவும் இருக்க வாய்ப்பு குறைவு. வெப்பாலைத் தைலம் வெறும் வாசனை எண்ணெயாக இருந்திருந்தால் இத்தனை பக்கம் எழுத வேண்டியிருக்காது.

தைலம் தடவியவர்களுக்கு இப்படி நுரையீரல் கோளாறு வந்ததாக அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. உள்ளுக்குச் சாப்பிட்டவர்களைப் பற்றியது அது. ஆகவே முழங்கைப் படையில் தைலம் தடவுகிறவர் அந்த எச்சரிக்கையை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. வெப்பாலை இலைச்சாறு, பொடி, கஷாயம் என்று மாதக்கணக்கில் தாமாகக் குடிக்கிறவர்களைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. உணவில் சேர்க்க இந்திய விதிகள் அனுமதிக்கும் இயற்கை நிறங்களின் பட்டியலில் மஞ்சள், குங்குமப்பூ, கேரமல், அனட்டோ எல்லாம் உண்டு. இந்த ஊதா இல்லை.

இன்னொரு தொல்லை நாட்டுமருந்துக் கடையில் இருக்கிறது. வெப்பாலை கேட்டால் சில இடங்களில் வேம்பாளம்பட்டை கைக்கு வரும். அதை எண்ணெயில் போட்டாலும் அழகான சிவப்பு இறங்கும். அது வேறு தாவரம், வேறு வேதிப்பொருள். அதில் இண்டிருபின் எதிர்பார்க்க முடியாது. விதையிலும் இதே குழப்பம். வெட்பாலை அரிசி என்ற பெயரில் வெப்பாலை விதையும் வரும், குடசப்பாலை விதையும் வரும். பின்னது கடும் கசப்பு, கோனசின் என்ற வீரியமான ஆல்கலாய்டு உள்ளது. பால் வடியும் இந்தக் குடும்பத்தில்தான் அரளியும் தங்க அரளியும் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்தால் அடையாளம் தெரியாத இலையைப் பறிக்கக் கை நீளாது. நுனி ஒட்டிய இரட்டைக் காயைப் பார்க்காமல் மரத்தை முடிவு செய்யாதீர்கள். குப்பனூர்ச் சாலையின் காப்புக்காட்டில் இலை பறிப்பதும் வேண்டாம். விதை எளிதில் முளைக்கும். வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் நட்டால் போதும்.

வீட்டில் தைலம் போடுகிறவர்கள் இலையைக் கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திய பிறகே எண்ணெயில் போட வேண்டும். தண்ணீர் நின்றால் பூஞ்சை பிடிக்கும். பாட்டில் வாயை இறுக மூடாமல் துணி கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும், நிறம் பிறக்க வேண்டிய காற்றும் கிடைக்கும். நிறம் ஏறியதும் இலையை வடித்து எறிந்துவிடுங்கள். சிக்கு வாடை வந்த எண்ணெய் மருந்தல்ல. முதல் முறை தடவும்போது முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அது உங்களுக்கு ஆகாது. வெடித்து நீர் வடியும் புண்ணில் தடவக் கூடாது. துணியில் பட்டால் போகாது. பழைய சாயம் தன் வேலையைக் காட்டும்.

கடையில் வாங்குவதானால் உரிம எண், தயாரிப்பு நாள், உள்ளடக்கம் மூன்றும் அச்சிட்ட பாட்டிலாக வாங்குங்கள். சித்த மருந்துகளுக்கும் 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் பொருந்தும். தோலோடு மூட்டும் வலித்தாலோ, நகம் குழி விழுந்தாலோ எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள். சோரியாசிஸ் மூட்டைத் தாக்கினால் தாமதம் நிரந்தர ஊனமாகும். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தைலத்தை நம்பித் திடீரென்று நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்து. நோய் பல மடங்கு சீறித் திரும்பும், சில சமயம் சீழ்க்கொப்புளமாக. கர்ப்பிணிகளும், நுரையீரல் அல்லது இதய நோய் உள்ளவர்களும் இந்த இலையை எந்த வடிவிலும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். மற்றவர்களும் சித்த மருத்துவர் நேரில் பார்த்து அளவு சொல்லாமல் சாப்பிட வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படியேறினால் மூச்சு வாங்குகிறதென்றால் அன்றே நிறுத்திவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.